சங்கிலியில் கிடந்தவருக்காகப் பேச யார் இருந்தார்?

நமது புதுச்சேரியின் பழைய சட்டத்தில் நாம் மறந்துபோன சிறு பதவி ஒன்று உண்டு. 1819 ஜனவரி 6ஆம் நாள் ஆணையால் பிரெஞ்சுச் சட்டத் தொகுப்புகள் இங்கு நடைமுறைக்கு வந்தன. சித்தம் கலங்கியவர் என்று நீதிமன்றம் தீர்மானித்த ஒருவருக்கு அந்தக் குடிமைச் சட்டம் ஒரு பாதுகாவலரை நியமித்தது. அத்துடன் நில்லாமல், துணைப் பாதுகாவலர் ஒருவரையும் அமர்த்தியது. பாதுகாவலரின் நலனும் நோயாளியின் நலனும் முரண்படும் வேளையில் நோயாளியின் பக்கம் நின்று பேசுவதே இவருடைய கடமை. இந்நாட்டவருக்கு அவரவர் வழக்கமே சட்டம் என்று அதே ஆணை விட்டுவைத்ததால், இப்பதவி நம் முன்னோர் இல்லங்களை எட்டவில்லை.

நம் மார்க்கத்திலும் இந்தச் சிந்தனை புதியதன்று. வலீ இல்லாதவருக்கு ஆட்சிப் பொறுப்பில் இருப்பவரே வலீ என்னும் நெறியை நாம் அறிவோம். ஆனால், நிக்காஹ் மஜ்லிஸைத் தாண்டி அதனை நினைவுகூர்பவர் எத்தனை பேர்?

அதை நினையாததன் விலையை ஏர்வாடியில் கண்டோம். இராமநாதபுரம் மாவட்டத்தின் அவ்வூரில் சுல்தான் சையிது இப்ராஹீம் ஷஹீத் வலியுல்லாஹ் அவர்களின் தர்காவைச் சுற்றி, தனியார் நடத்திய மனநோயாளர் இல்லங்கள் பெருகியிருந்தன. உறவினர் பலர் நோயாளிகளைக் கட்டணம் செலுத்தி அங்கே விட்டுச் சென்றனர். கனவில் உத்தரவு வந்தால்தான் ஊர் திரும்பலாம் என்பது நம்பிக்கை. 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் அதிகாலை, அவற்றுள் ஒன்றான மொய்தீன் பாதுஷா மனநல இல்லத்தின் கீற்றுக் கொட்டகை தீப்பற்றியது. உள்ளே இருந்தோருள் பெரும்பாலோர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். 28 உயிர்கள் போயின. பலரது உடலை அடையாளம் காணவும் இயலவில்லை.

ஒரு வாரத்தில் அத்தகைய இல்லங்கள் மூடப்பட்டன. ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்பில் எடுத்துக்கொள்ளப்பட்டனர். 2007இல் இல்ல உரிமையாளர் உள்ளிட்ட நால்வருக்கு ஏழாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. தர்காக்களைப் பழிக்க இந்நிகழ்வை எடுத்தாள்வோர் அன்றும் இருந்தனர், இன்றும் உள்ளனர். நமக்கு அந்த வழக்கில் அக்கறையில்லை. நாம் கேட்பது வேறு. அந்த இல்லத்தில் நடத்துநர் இருந்தார்; அவருடைய வருவாய் நோயாளி அங்கே தங்குவதில் இருந்தது. குடும்பம் இருந்தது, அதன் நிம்மதி நோயாளி தொலைவில் இருப்பதில் இருந்தது. சங்கிலியைக் கண்டு 'இது இவருக்குச் சம்மதமா?' என்று கேட்பதற்கென்றே வரக்கூடியவர் ஒருவரும் இல்லை.

சட்டம் அப்போதும் இருந்தது. 1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், உரிமம் பெற்ற நிலையங்களைப் பார்வையிட வருகையாளர்களை நியமிக்க வழிசெய்திருந்தது. உரிமமற்ற கொட்டகையின் வாசலுக்கு அவர்கள் எப்படி வருவர்?

தீ விபத்தைத் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்ட உச்ச நீதிமன்றம், 2002இல் பிறப்பித்த ஆணைகளில் குறிப்பிடத்தக்க ஒன்றைச் சேர்த்தது. சட்ட உதவி வாரியத்தின் இரு உறுப்பினர்கள் மாதந்தோறும் இத்தகைய நிலையங்களுக்குச் சென்று, குணமடைந்தோர் விடுதலை கோரி விண்ணப்பிக்க உதவ வேண்டும் என்பதே அது. மருத்துவருமல்லர், உறவினருமல்லர், நோயாளிக்காகவே வருபவர். நம் நாட்டில் இப்பணியின் தொடக்கங்களுள் ஒன்றாக அந்த ஆணையை நாம் கருதுகிறோம்.

2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் பொருந்தும். அதன் 95ஆம் பிரிவு எவ்வகையிலும் சங்கிலியிடுவதைத் தடைசெய்கிறது. குடும்பம் ஏற்கவில்லை என்பதற்காக மட்டும் ஒருவரை நிலையத்திலேயே வைத்திருக்கலாகாது என்கிறது 19ஆம் பிரிவு. எனினும் நம் மஹல்லாக்கள் கூர்ந்து படிக்க வேண்டியது 14ஆம் பிரிவு. உறவோ, பராமரிப்பாளரோ இல்லாதவருக்கு மனநல மறுஆய்வு வாரியம் தகுந்த பிரதிநிதியை நியமிக்கலாம். அதுவரை, மனநோயாளிகளுக்காகப் பணியாற்றும் பதிவுபெற்ற அமைப்பின் சார்பில் ஒருவர் தற்காலிகமாக அக்கடமையை ஏற்கலாம். நோயாளியின் விருப்பம், வாழ்ந்த வாழ்க்கை, பண்பாட்டுப் பின்னணி ஆகியவற்றை அவர் கருத்திற்கொள்ள வேண்டும். தொழுகையும் நோன்புமாக வாழ்ந்த ஒரு பெரியம்மாவின் பண்பாட்டுப் பின்னணியை வாரியத்தின் முன் எடுத்துரைக்க, முல்லா வீதியிலிருந்தோ கோட்டக்குப்பத்திலிருந்தோ ஒருவர் முன்வந்தால் அதைவிடப் பொருத்தமானவர் யார்? ஜனாஸாவுக்கும் ஜகாத்துக்கும் குழு வைத்திருக்கும் ஜமாஅத்துகள் இதற்கும் இருவரைப் பயிற்றுவிக்க இயலாதா?

உறவு உள்ளோர்க்கும் அதே பிரிவு வழி தருகிறது. வயது வந்த எவரும் உடல்நலத்துடன் இருக்கும்போதே தமக்காகப் பேசவேண்டியவரைத் தேர்ந்துகொள்ளலாம். வெற்றுத்தாளில் பெயரை எழுதிக் கையெழுத்தோ பெருவிரல் ரேகையோ இட்டால் போதும். விரும்பியபோது மாற்றியும் கொள்ளலாம்.