நூறில் ஒன்று: பனிக்குட நீர்ச் சோதனையின் வரலாற்றில் விடுபட்டது

தூத்துக்குடியில் கடைசி முத்துச் சலாபம் நடந்தது 1961இல். சலாபம் அறிவிக்கும் முன் பாரிலிருந்து மாதிரிச் சிப்பிகளை அள்ளிவந்து, கிடைத்த முத்துக்களை வியாபாரிகளைக் கொண்டு மதிப்பிடுவார்கள். அந்த மதிப்பு பாருக்குத்தான். தனிச்சிப்பி எதற்கும் அல்ல. மாதிரிக்குப் போன சிப்பி கடலுக்குத் திரும்புவதுமில்லை. புள்ளிவிவரம் என்றால் எங்கள் ஊர்க்காரனான எனக்கு இதுதான் ஞாபகம் வருகிறது.

2011இல் என் அத்தை மகள், மதினி, 37 வயதில் உண்டாகியிருந்தாள். வயதைக் காரணங்காட்டிப் பனிக்குட நீரை எடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். நான் கூடப் போயிருந்தேன். 'வயித்துல ஊசி குத்துனா புள்ள தங்குமா சார்?' என்று கேட்டாள். 'நூத்துல ஒருத்தருக்குத்தாம்மா ஏதாச்சும் ஆகும், கையெழுத்துப் போடுங்க' என்றார் மருத்துவர். தாள் ஆங்கிலத்தில் இருந்தது. பதினோராம் நாள் கரு கலைந்தது. பிள்ளைக்குக் குறை ஒன்றுமில்லை என்ற சோதனை முடிவு அதற்குப் பின் வந்தது. ஊசியாலதான் போச்சு என்றார் மாமியார். ஊசி போடாட்டியும் போயிருக்கும் என்றார் மருத்துவர். இருவருக்குமே அதை அறிய வழி கிடையாது.

அந்த 'நூறில் ஒன்று' டென்மார்க்கிலிருந்து வந்த எண். 25 முதல் 34 வயதுக்குட்பட்ட 4606 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் ஊசி போட்ட ஆய்வு 1986இல் வெளியானது. ஊசி போட்டவர்களில் 1.7 சதவீதம், போடாதவர்களில் 0.7 சதவீதம் பேருக்குக் கரு கலைந்தது. வித்தியாசம்தான் அந்த 'ஒன்று'. ஊசி படாத பிரிவிலும் இழப்பு இருக்கிறது என்பது கவனத்திற்குரியது. எனவே ஒரு குறிப்பிட்ட பெண்ணின் இழப்பு எந்தக் கணக்கில் சேரும் என்று இந்த எண் ஒருபோதும் சொல்லாது. பல ஆய்வுகளைத் தொகுத்த 2015ஆம் ஆண்டுக் கட்டுரை இதை ஏறத்தாழ ஆயிரத்தில் ஒன்று என்றும், நஞ்சுக்கொடித் திசுவை எடுக்கும் சோதனைக்கு ஆயிரத்தில் இரண்டு என்றும் குறைத்தது. இப்போது தாயின் ரத்தத்திலேயே பார்க்கிறார்கள். சந்தேகம் எழுந்தால் உறுதிப்படுத்த மறுபடி ஊசிதான்.

நம்மிடையே இந்த எண்ணைப் பற்றிய விவாதம் ஏன் வேர்பிடிக்கவில்லை? 1970களின் நடுவில் தில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் பிறவிக் கோளாறுகளை அறியத் தொடங்கிய சோதனை, சீக்கிரமே பெண் கருவைக் கண்டுபிடித்துக் கலைக்கும் கருவியானது. 1978இல் அரசு மருத்துவமனைகளில் அதற்குத் தடை வந்தது. தனியார் கிளினிக்குகள் பெருகின. பெண்கள் அமைப்புகளின் போராட்டத்தால் 1988இல் மகாராஷ்டிரத்திலும் 1994இல் மத்தியிலும் சட்டம் வந்தது. அந்தப் போராட்டத்தின் நியாயத்தில் எனக்கு ஐயமில்லை. உசிலம்பட்டியை அறிந்த எந்தத் தமிழருக்கும் இருக்க முடியாது. ஆனால் ஊசியின் வரலாறு பாலினத் தெரிவின் வரலாறாக மட்டுமே எழுதப்பட்டுவிட்டது. பால் அறியும் வேலையை ஸ்கேன் எடுத்துக்கொண்டதும் ஊசியைப் பற்றிய பேச்சும் அடங்கிற்று. குத்தப்படும் உடல் அந்தச் சொல்லாடலுக்கு வெளியே நின்றது.

வேடிக்கை என்னவென்றால், அதே 1994 சட்டத்தின் 5ஆம் பிரிவு அந்த உடலை மறக்கவில்லை. தெரிந்த பக்கவிளைவுகள், பின்விளைவுகள் எல்லாவற்றையும் கர்ப்பிணிக்கு விளக்க வேண்டும். அவளுக்குப் புரியும் மொழியில் எழுத்துப்பூர்வச் சம்மதம் வாங்க வேண்டும். அதன் நகலை அவள் கையில் கொடுக்க வேண்டும் என்கிறது. ஆணா பெண்ணா என்று சொல்லமாட்டோம் என்னும் பலகை எங்கள் ஊர் ஸ்கேன் சென்டர்களில் நல்ல தமிழில் தொங்குகிறது. பலகைக்குக் கிடைத்த தமிழ் சம்மதத் தாளுக்குக் கிடைக்கவில்லை.

இதை எழுதுவதற்காக மதினியிடம் நகல் இருக்கிறதா என்று கேட்டேன். 'அதெல்லாம் யாரு குடுத்தா? பேனாவத்தான் குடுத்தாங்க' என்றாள்.