விபத்து மோசடி (சிங்கப்பூர் கிராண்ட் பிரீ, 2008)

2008 செப்டம்பர் 28 இரவு, சிங்கப்பூர் மரினா பே சாலைத் தடத்தில் நடந்த ஃபார்முலா 1 கார்ப் பந்தயத்தில், ரெனோ அணி தன் ஓட்டுநர் ஒருவரை வேண்டுமென்றே சுவரில் மோதவைத்து, மற்றவரை ஜெயிக்கவைத்த சம்பவம். 'கிராஷ்கேட்' என்ற பெயரிலும் அறியப்படுகிறது. ஃபார்முலா 1 வரலாற்றின் முதல் இரவுப் பந்தயம் அது.

கார்ப் பந்தயத்தில் ஏய்ப்பு பழைய கலை; பெரும்பாலும் வண்டிக்குள்தான் நடக்கும். 1982-ல் பிரபாம் முதலிய அணிகள் பிரேக்கைக் குளிர்விப்பதற்கு என்று சொல்லித் தண்ணீர்த் தொட்டி வைத்தன. புறப்பட்டதும் தண்ணீரைக் கொட்டிவிட்டு எடை குறைந்த காரில் பறந்தன. முடிந்ததும் எடை போடுவதற்கு முன்னால் தொட்டியை நிரப்பிக்கொண்டன. விதியும் அதற்கு இடம் கொடுத்தது. 1984-ல் டிரல் அணி தண்ணீரோடு ஈயக் குண்டுகளையும் சேர்த்து நிரப்பி மாட்டிக்கொண்டது; அந்த ஆண்டின் முடிவுகள் அத்தனையும் பறிபோயின. சிங்கப்பூரில் நடந்தது வேறு ரகம். எஞ்சின், இறக்கை, எரிபொருள் எதிலும் கை வைக்கவில்லை. கை வைத்தது விதியின் ஓர் இடுக்கில்.

விபத்து நடந்தால் பாதுகாப்பு கார் தடத்துக்குள் வரும். எல்லோரும் அதன் பின்னால் மெதுவாக ஓட வேண்டும். அந்த நேரத்தில் எரிபொருள் நிரப்ப யாரும் அவசரமாகப் பாய்ந்து வரக்கூடாது என்பதற்காக, கார்கள் வரிசைக்கு வரும்வரை பிட் பாதையை மூடிவைக்கும் விதி 2007-ல் வந்தது. நோக்கம் நல்லதுதான். ஆனால் விபத்துக்குச் சற்று முன்பே எரிபொருள் நிரப்பிக்கொண்டவருக்கு அது லாட்டரிச் சீட்டு: வரிசை சேர்ந்தபின் மற்றவர்கள் நிரப்பப் போக, அவர் முந்திவிடுவார். விபத்து எப்போது நடக்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால் லாட்டரிகூட இல்லை, கைமேல் காசு.

அந்த வாரம் ரெனோவின் ஃபெர்னாண்டோ அலோன்சோவுக்குத் தகுதிச் சுற்றில் எரிபொருள் கோளாறு. 15-ஆம் இடத்திலிருந்து புறப்பட்டார். முந்துவதற்கு இடமில்லாத சாலைத் தடத்தில் அது தோற்றதற்குச் சமம். அவ்வளவு பின்னாலிருந்து தொடங்குபவர் தொட்டி நிறைய எரிபொருளுடன் நெடுநேரம் ஓடப் பார்ப்பார். அலோன்சோவோ 12-ஆம் சுற்றிலேயே பிட்டுக்கு வந்தார். 14-ஆம் சுற்றில் அவருடைய அணித்தோழர் நெல்சன் பிக்கே ஜூனியர் 17-ஆம் வளைவில் சுவரில் மோதினார். பாரந்தூக்கி அருகில் இல்லாத இடம் அது. காரை உடனே அப்புறப்படுத்த முடியாது. பாதுகாப்பு கார் வந்தே தீரும்.

பிற்பாடு காரின் பதிவுக் கருவியை ஆராய்ந்தபோது தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. பின்சக்கரங்கள் வழுக்கினால் எந்த ஓட்டுநரின் காலும் தானாகவே முடுக்கியிலிருந்து எழும். பிக்கேயின் கால் அழுத்திக்கொண்டே இருந்தது.

முன்னணியில் இருந்தவர்களின் கணக்கெல்லாம் குலைந்தது. ராஸ்பெர்க்கும் குபிட்சாவும் எரிபொருள் தீர்ந்துபோகும் என்று மூடியிருந்த பிட்டுக்குள் நுழைந்து தண்டனை பெற்றார்கள். முதலிடத்தில் ஓடிய ஃபெராரியின் ஃபெலிப்பே மாசாவுக்குப் பிட்டில் பச்சை விளக்கை முன்கூட்டியே போட்டுவிட்டார்கள். செருகியிருந்த எரிபொருள் குழாயையும் பிடுங்கிக்கொண்டு அவர் புறப்பட்டார். பிட் பாதையின் கோடியில் கார் நிற்க, மெக்கானிக்குகள் மூச்சிரைக்க ஓடிவந்து குழாயை இழுத்தெடுத்தார்கள். மாசாவுக்குக் கிடைத்தது 13-ஆம் இடம், புள்ளி இல்லை. வென்றவர் அலோன்சோ. அந்த ஆண்டு உலகப் பட்டம் லூயிஸ் ஹாமில்டனுக்குப் போனது: 98 புள்ளி, மாசாவுக்கு 97.

உண்மை வெளிவர ஒரு மனக்கசப்பு தேவைப்பட்டது. 2009-ல் அணியிலிருந்து நீக்கப்பட்ட பிக்கே, அனைத்துலகக் கார்ச் சம்மேளனத்திடம் நடந்ததைச் சொன்னார். அணித் தலைவர் ஃபிளாவியோ பிரியாட்டோரேயும் தலைமைப் பொறியாளர் பாட் சைமண்ட்ஸும் வெளியேறினார்கள். செப்டம்பர் 21-ல் பாரிஸில் தீர்ப்பு வந்தது: ரெனோவுக்கு இரண்டாண்டு நிறுத்திவைக்கப்பட்ட தகுதிநீக்கம், பிரியாட்டோரேக்குக் காலவரையற்ற தடை, சைமண்ட்ஸுக்கு 5 ஆண்டு. அலோன்சோவுக்கு இதில் பங்கில்லை என்று முடிவானது. 2010 ஜனவரியில் பிரெஞ்சு நீதிமன்றம் தனிநபர் தடைகளை ரத்து செய்தது. 2024-ல் பிரியாட்டோரே அதே ரெனோ நிறுவனத்தின் ஆல்பைன் அணிக்கே ஆலோசகராகத் திரும்பினார். தண்டனை என்ற சொல்லுக்கு இது பொருந்துமா என்பது ஐயம்தான். அதே ஆண்டு மார்ச்சில் மாசா, ஒரு புள்ளியில் கைநழுவிய பட்டத்துக்காக, லண்டனில் வழக்குத் தொடுத்தார்.

பிட் பாதையை மூடும் விதி 2009-லேயே கைவிடப்பட்டது. 2012-ல் கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயன் இதே தடத்தில் சுவரில் மோதியபோதும் பாதுகாப்பு கார் வந்தது. அது அசல் விபத்து, ஆதாயம் தேடியவர் யாருமில்லை.

இடுக்குத் தேடும் வழக்கம் மட்டும் நிற்கவில்லை. 2023-ல் 22 பந்தயங்களில் 21-ஐ வென்ற ரெட் புல் தோற்ற ஒரே இடம் சிங்கப்பூர். வளையும் இறக்கைகள் மீதான புதுக் கெடுபிடி அங்கேதான் தொடங்கியது என்பதால் இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள். அடுத்த வாரமே சுசுகாவில் ரெட் புல்லின் வெர்ஸ்டாப்பன் அலட்டாமல் வென்றதைப் பார்த்தால் அந்த முடிச்சு நிற்காது. 2024-ல் நடந்தது இன்னும் நுட்பம்: 18-ஆம் இடத்தில் ஓடிய டேனியல் ரிக்கார்டோ, புது டயர் மாட்டிக் கடைசிச் சுற்றை அதிவேகச் சுற்றாக்கினார். அதற்கான புள்ளி அவருக்குக் கிடைக்காது, ஏனெனில் முதல் பத்துக்குள் வர வேண்டும். ஆனால் உலகப் பட்டத்துக்காக வெர்ஸ்டாப்பனை விரட்டிக்கொண்டிருந்த நோரிஸுக்கும் கிடைக்காமல் போனது. ரிக்கார்டோவின் அணிக்கு முதலாளி ரெட் புல்தான். 2025 முதல் அந்தப் புள்ளியே எடுக்கப்பட்டுவிட்டது.

லிட்டில் இந்தியாவில் டவுன்டவுன் ரயில் ஏறினால் மூன்றாவது நிறுத்தம் புரொமனாட். பந்தயத் தடம் அங்கிருந்து நடைதூரம். ஆனால் பிக்கே மோதிய 17-ஆம் வளைவைத் தேடிப் பயனில்லை. மிதக்கும் மேடைப் பகுதியின் மறுகட்டுமானத்துக்காக 2023-ல் 16 முதல் 19 வரையான வளைவுகளை நீக்கி நேர்ச்சாலையாக்கிவிட்டார்கள். 23 வளைவுகள் இப்போது 19.