உப்பளத்தின் நெடுநினைவு

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே புதுவைக்குச் செல்வோர் மரக்காணத்தை நெருங்கும்போது வெண்ணிற உப்புக் குவியல்களைப் பார்க்காமல் கடந்துவிட முடியாது. பெரும்பாலோர் வண்டியை நிறுத்தி ஒரு படம் எடுத்துக்கொண்டு போய்விடுவர். நாமும் பலமுறை அப்படித்தான் போனோம். அந்த வெண்மைக்கு அடியில் எத்தனை காலத்து நினைவு படிந்திருக்கிறது என்ற கேள்வி பின்னர்தான் எழுந்தது.

சிறுபாணாற்றுப்படை ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாடும்போது எயிற்பட்டினம் என்றொரு கடற்கரை ஊரைக் குறிப்பிடுகிறது. அது இன்றைய மரக்காணமே என்று அறிஞர் பலர் கருதுவர். கிரேக்க மாலுமி எழுதிய பெரிப்ளூஸ் நூலில் வரும் சோபட்மா என்ற துறைமுகத்தையும் சிலர் இங்கேதான் பொருத்துகின்றனர். ஊரிலுள்ள பூமீசுவரர் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகள் உப்பளங்களைப் பற்றிப் பேசுகின்றன. ஆயிரம் ஆண்டுகளாகவேனும் இங்கே உப்பு விளைந்து வருகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் எயிற்பட்டினம் என்ற பெயரை ஊர் மறந்துவிட்டது. பெயரை இழந்து தொழிலைக் காத்துக்கொண்ட ஊர் இது.

இந்த விந்தையை மூளையியல் வேறொரு வழியில் அறிந்தது. 1953இல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்ற இளைஞருக்கு வலிப்பு நோயைத் தணிக்க அறுவைச் சிகிச்சை செய்தனர். மூளையின் இருபுறத்திலும் ஹிப்போகாம்பஸ் எனும் பகுதியின் பெரும்பங்கு அகற்றப்பட்டது. அதன்பின் அவரிடம் புதிய நினைவு எதுவும் தங்கவில்லை. காலையில் சந்தித்த மருத்துவர் மாலையில் அவருக்கு அந்நியர். ஆயினும் கண்ணாடியில் பார்த்தபடி நட்சத்திர வடிவை வரையும் பயிற்சியை பிரெண்டா மில்னர் அவருக்குக் கொடுத்தபோது, நாளுக்கு நாள் அவர் கை தேறிக்கொண்டே வந்தது. பயிற்சி பெற்றதே அவர் நினைவில் இல்லை, கை மட்டும் கற்றுக்கொண்டது. நெடுங்கால நினைவு ஒற்றைப் பேழையன்று என்பது அதன்வழி தெளிவாயிற்று. நிகழ்ச்சிகளையும் பெயர்களையும் வைக்கும் இடம் ஒன்று, செய்திறனை வைக்கும் இடம் வேறொன்று.

உப்பளத் தொழிலாளியின் அறிவு பெரிதும் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. மழை முடிந்ததும் களிமண் தரையைக் காலால் மிதித்து இறுக்க வேண்டும். உவர்நீரைப் பாத்தியிலிருந்து பாத்திக்குக் கடத்தி வெயிலில் சுண்ட வைக்க வேண்டும். போமே அளவில் சுமார் 25 பாகையில் உப்பு படியத் தொடங்கும். அதற்கு முன்னரே ஜிப்சம் கீழிறங்கிவிடும். 29 பாகைக்கு மேல் விட்டால் மக்னீசிய உப்புகள் கலந்து கசப்பேறும். அளவுகருவி எதுவும் இல்லாமல் நீரின் நிறத்தையும் மிதக்கும் மெல்லிய ஏட்டையும் கண்டு பதம் சொல்லும் கண்ணை எந்த ஏட்டிலிருந்தும் பெற முடியாது. பருவந்தோறும் செய்து செய்தே அது நிலைக்கிறது. இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பச் செய்வதே மறதிக்கு மருந்து என்பதை எபிங்ஹாஸ் 1885இல் பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து தம்மீதே சோதித்து எழுதினார். (அளத்துக்காரர்கள் அவரைவிடச் சில நூற்றாண்டுகள் முந்தியவர்கள் என்பதை அவர் அறிந்திருக்க நியாயமில்லை.)

இனி நாம் எழுத வந்த செய்திக்கு வருவோம். கை மறவாத இந்தக் கரை, 2004 டிசம்பர் 26 காலை கடலை அடையாளம் காணவில்லை. அலைகளுக்கிடையே நீர் பின்வாங்கிய இடங்களில் மக்கள் ஓடாமல் நின்று வேடிக்கை பார்த்தனர். மரக்காணத்தை ஒட்டிய மீனவக் குப்பங்களிலும் உயிர்கள் போயின. சுனாமி என்ற சொல்லையே நம்மில் பலர் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டோம். ஆழிப்பேரலை என்ற சொல்லாட்சி ஏடுகளில் பரவியதும் அதன் பின்னரே.

அதே காலையில் சுமத்ரா அருகிலுள்ள சிமுலுவே தீவு நிலநடுக்கத்தின் மையத்துக்கு மிக அருகில் இருந்தது. அலை வரச் சில நிமிடங்களே இருந்தன. எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட மக்களில் இறந்தோர் ஏழு பேர் மட்டுமே என்று பதிவாகியுள்ளது. 1907இல் அத்தீவை ஒரு பேரலை அழித்தது. அதை ஸ்மோங் என்ற சொல்லில் அடைத்து, பாட்டாகவும் தாலாட்டாகவும் தலைமுறைகளுக்குக் கடத்தினர். நிலம் பலமாக அதிர்ந்து கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு, இவ்வளவுதான் செய்தி. 97 ஆண்டுகள் கழித்து அது வேலை செய்தது.

தமிழரிடம் இத்தகைய நினைவு இல்லையா என்று கேட்டால் ஏராளமாக உண்டு என்பதே விடை. கடல்கோள் என்ற சொல்லே நம்முடையது. இறையனார் களவியல் உரை பழைய சங்கங்களையும் கடல்கொண்ட நாட்டையும் சொல்கிறது. மணிமேகலையில் புகாரைக் கடல் கொள்கிறது. மகனை இழந்த துயரில் அரசன் இந்திர விழாவை மறந்ததே காரணம் என்கிறது காப்பியம். மறதிக்குத் தண்டனையாகக் கடல் வருவதாகச் சொன்ன ஒரு மொழி, கடல் வந்தால் என்ன செய்வது என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டது. இழந்த நாட்டுக்கும் நூல்களுக்கும் ஆன புலம்பலாகவே நாம் அந்நினைவைப் பேணினோம். கால்களுக்கான கட்டளையாக அது மாறவில்லை. இது கடுமையான தீர்ப்பாகத் தோன்றலாம், ஓரளவு அநியாயமும்கூட. ஏனெனில் 2004க்கு முந்தைய பேரலை 600 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்திருக்கலாம் என்று தாய்லாந்துக் கரையின் மணற்படிவுகள் காட்டுகின்றன. 1881, 1883, 1941 ஆண்டுகளின் அலைகள் இக்கரைக்குச் சிறியவையாகவே வந்தன. பாட்டிக்குப் பாட்டி சொன்ன கதை நூறாண்டைத் தாண்டும். அறுநூறு ஆண்டைத் தாண்டுவது அரிது.

தாண்டினாலும் உருமாறியே தாண்டும். ஃபிரெடரிக் பார்ட்லெட் 1932இல் காட்டியது இதைத்தான். அயல்நாட்டுக் கதையொன்றைப் படித்தவர்கள் மீண்டும் மீண்டும் சொன்னபோது, தமக்குப் புரியாத பகுதிகளை உதிர்த்துப் பழகியவற்றைப் புகுத்தினர். நினைவு ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டப்படுகிறது. நரம்பு மட்டத்திலும் அப்படியே. எரிக் கேண்டல் கடல்முயல் எனும் உயிரியில் ஆராய்ந்து, நினைவு நீடிக்கப் புதிய புரதங்கள் உருவாகி நரம்பிணைப்புகள் மாற வேண்டும் என்று காட்டினார். 2000இல் நோபல் பரிசும் பெற்றார். உறக்கம் அதை உறுதிப்படுத்தும், நீண்ட மன அழுத்தம் அரிக்கும். அதிர்ச்சி ஆழப் பதிக்கும், ஆனால் பிழையின்றிப் பதிக்கும் என்பதற்கு உறுதியில்லை. 1986இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள் மாணவர்களிடம் எழுதி வாங்கிய குறிப்புகளைச் சில ஆண்டுகள் கழித்து அவர்கள் சொன்னவற்றோடு ஒப்பிட்டனர். பலர் தவறாகவும் முழு உறுதியோடும் சொன்னார்கள். டிசம்பர் 26 காலை நாம் எங்கே இருந்தோம் என்று நாம் சொல்லும் கதையும் இதற்கு விலக்கல்ல.

மனிதர் மறந்ததை மணல் வைத்திருந்தது. மரக்காணத்துக்கு வடக்கே ஏறத்தாழ 70 கி.மீ. தொலைவில், மாமல்லபுரத்தை அடுத்த சாளுவன்குப்பத்தில், பேரலை மணலை அரித்துச் சென்றபோது பாறைக் கல்வெட்டுகள் வெளிப்பட்டன. அவற்றுள் ஒன்று இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் காலத்தது. அதில் சொல்லப்பட்ட முருகன் கோயிலைத் தேடி 2005இல் தொல்லியல் துறை தோண்டியது. பல்லவர் காலக் கட்டுமானத்துக்கு அடியில் இன்னும் பழைய செங்கல் கோயில் கிடைத்தது. அதைக் கடலே சிதைத்தது என்று அகழ்ந்தோர் கருதினர். கட்டினார்கள், கடல் கொண்டது, அதன் மேலேயே மீண்டும் கட்டினார்கள்.

மரக்காணத்து அளங்களை 2011இல் தானே புயலும் 2024இல் ஃபெஞ்சலும் மூழ்கடித்தன. ஹைதராபாத்தில் 2007 முதல் இயங்கும் எச்சரிக்கை மையம் கடலின் அசைவை இப்போது நமக்காக நினைவில் வைத்திருக்கிறது. ஆண்டுதோறும் டிசம்பர் 26 அன்று கரையில் பால் ஊற்றி மலர் தூவுகின்றனர். 2004க்குப் பின் பிறந்த பிள்ளைகள் அந்தக் கூட்டத்தில் வளர்ந்துவிட்டார்கள். அவர்களிடம் இருப்பது ஒரு சடங்கு. மேட்டுக்கு ஓடு என்று சொல்லும் பாட்டு இன்னும் எழுதப்படவில்லை. சில நாள் கழித்துத் தை பிறக்கிறது. அளத்தில் நீரை வடித்து, களிமண்ணை மிதிக்கத் தொடங்குகிறார்கள்.