பார்த்தவர்கள் யாரிடம் சொல்வது?

லயத்தில் இரண்டு வீடுகளுக்கு நடுவே இருந்தது ஒரு பலகைச் சுவர்தான். ராத்திரி ஒரு வீட்டில் பிள்ளைக்கு அடி விழுந்தால், விடிகாலை பெரட்டுக்குப் போகும்போதே அது எல்லாருக்கும் தெரிந்த சேதி. சுங்கை சிப்புட், பத்து காஜா பக்கத்துத் தோட்டங்களில் வாழ்ந்த பெரியவர்களிடம் பேசினால் இதைச் சாதாரணமாகச் சொல்வார்கள். ‘தெரிஞ்சு என்ன செஞ்சீங்க?’ என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். செய்வதற்கு என்ன இருந்தது? கங்காணிக்கு மேலே கிராணி, கிராணிக்கு மேலே துரை. தோட்டத்து மருந்தகமும் நிர்வாகத்தின் கையில். வேலைக்கு ஆள் வந்தாச்சா என்பதுதான் அவர்களுடைய கணக்கு. பிள்ளை அடிபட்டது அந்தக் கணக்கில் வராது.

காலனி அரசு பிள்ளைகளையும் இனவாரியாகத்தான் பார்த்தது. சீனர்களுக்கென்று 1877இல் சிங்கப்பூரில் ஒரு பாதுகாவலர் அலுவலகம் தொடங்கி, பிறகு பேராக் உட்பட மலாய் மாநிலங்களுக்கும் வந்தது. சீன வீடுகளில் வேலைக்கு விற்கப்பட்ட ‘முய் சாய்’ சிறுமிகளைப் பற்றி 1930களில் தனிச் சட்டமே போட்டார்கள். 1936-37இல் லண்டனிலிருந்து ஓர் ஆணையம் வந்து விசாரித்தது. அந்தச் சட்டங்கள் எவ்வளவு பலித்தன என்பது வேறு விஷயம். வீட்டுக்குள் ஒரு குழந்தை வதைபடலாம், அரசு அதில் தலையிடலாம் என்ற எண்ணமாவது அங்கே இருந்தது.

தமிழ்க் குழந்தை தொழிலாளர் இலாகாவின் கீழ் வந்தது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்டம் ஒரு பள்ளி நடத்த வேண்டும். கைக்குழந்தைகளுக்கு ஆயாக்கொட்டகை இருந்தது. இருட்டோடு தாய் பால் வெட்டக் கிளம்ப, பிள்ளை ஆயாவிடம் போகும். தாயின் இரண்டு கையும் நிரைக்கு வேண்டும் என்பதற்காக வந்த ஏற்பாடு அது. ஆனாலும் குளிப்பாட்டி, கஞ்சி ஊட்டிய ஆயாவின் கண்ணுக்கு முதுகுத் தழும்பு தப்பியிருக்காது. பார்க்க ஆள் இருந்தது, கேட்கத்தான் ஆள் இல்லை.

போருக்குப் பிறகு, 1946இல் சமூகநல இலாகா வந்தது. 1947இல் சிறார் நீதிமன்றச் சட்டமும், சிறுவர், இளையோர் சட்டமும் வந்தன. சட்டப் புத்தகத்தில் இடம் கிடைத்தது. ஆனால் தோட்டத்துக்குள் குடும்பச் சண்டை என்றால் கோயில் தலைவர், கங்காணி, கொஞ்சம் வயசானவர்கள் பேசித் தீர்ப்பதே வழக்கம். தீர்ப்பது என்றால் பெரும்பாலும் புருஷன் பெண்டாட்டியைச் சேர்த்து வைப்பது. பிள்ளையைக் கூப்பிட்டு யாரும் விசாரித்ததில்லை.

திருப்பம் மருத்துவமனையிலிருந்து வந்தது. 1985இல் கோலாலம்பூர் பொது மருத்துவமனை மருத்துவர்கள், கொடுமைக்கு ஆளான குழந்தைகளைக் கவனிக்க ஒரு குழு அமைத்தார்கள். ‘படியிலிருந்து விழுந்துட்டான்’ என்று சொல்லப்பட்ட எலும்பு முறிவுகளை அவர்கள் சந்தேகத்தோடு பார்த்தார்கள். 1990இல் இரண்டு வயது தாண்டிய ஒரு தமிழ்க் குழந்தை கொடுமைக்கு ஆளாகி இறந்தபோது நாடே அதிர்ந்தது. அதற்கு அடுத்த வருஷமே குழந்தைப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதையும் பழைய சட்டங்களையும் ஒன்றாக்கி வந்த குழந்தைகள் சட்டம் 2001, 2002 ஆகஸ்டில் அமலானது.

இன்று 15999க்கு யாரும் அழைத்துப் புகார் சொல்லலாம். பாதுகாவலர் என்ற அதிகாரியோ போலீசோ, போதிய காரணம் இருந்தால் பிள்ளையைத் தற்காலிகமாக அழைத்துப் போகலாம். 24 மணி நேரத்துக்குள் நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும். காயம் இருந்தால் மருத்துவரிடம் காட்டலாம். பிள்ளையைப் பெற்றோரிடம் திருப்பித் தருவதா, தகுந்த வேறொருவரிடமா, காப்பகத்துக்கா என்று நீதிமன்றம் முடிவு செய்யும். நல்லெண்ணத்தோடு புகார் சொன்னவருக்குச் சட்டத்தில் பாதுகாப்பும் உண்டு.

சிக்கல் வேறு இடத்தில். கொடுமையோ புறக்கணிப்போ நடப்பதாகத் தெரிந்தால் கட்டாயம் சொல்ல வேண்டியவர்கள் என்று அந்தச் சட்டம் மூன்று தரப்பைத்தான் குறிக்கிறது: மருத்துவர், குடும்பத்தார், குழந்தைப் பராமரிப்பாளர். ஆசிரியர் அதில் இல்லை. 2017இல் வந்த பாலியல் குற்றச் சட்டப்படியோ, தெரிந்தும் சொல்லாத எவருக்கும் 5,000 ரிங்கிட் வரை அபராதம் உண்டு. ஆக, சூடு போட்ட கையையோ நாலு நாளாகப் பட்டினி கிடக்கும் பிள்ளையையோ பார்த்த ஆசிரியர் பேசாமல் இருந்துவிடலாம்.

இந்த ஓட்டை தமிழர்களுக்கு ஏன் முக்கியம்? ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் வீடமைப்புக்கு விற்கப்பட்டன. குடும்பங்கள் புந்தோங் போன்ற இடங்களுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் வந்தன. பலகைச் சுவர் போய்ச் செங்கல் சுவரும் கிரில் கதவும் வந்தன. ஆயாவும் இல்லை. தோட்டமே அழிந்த பிறகும் தோட்டத்தின் பெயரைச் சுமந்துகொண்டு நிற்பவை தமிழ்ப்பள்ளிகள்தான். அந்தப் பிள்ளையை வெளியாள் ஒருவர் தினம் பார்க்கும் ஒரே இடம் அதுவாக இருக்கலாம். ஆனால் அங்கே ‘நமக்கேன் வம்பு, பெற்றோர் வந்து சண்டை போடுவாங்க’ என்ற பேச்சுதான் முந்திக்கொள்கிறது.

ஆசிரியரையும் பட்டியலில் சேர்த்தால் போதுமா? போதாது. பிள்ளையைத் தகுந்த கவனிப்பில்லாமல் விட்டுப் போவதும் இதே சட்டத்தில் குற்றம். ராத்திரி ஷிப்டுக்குப் போகும் தாய் ஐந்து வயதுப் பிள்ளையை எட்டு வயது அக்காவிடம் விட்டுவிட்டுப் போகிறாள். அவளை யாராவது புகார் செய்தால், குற்றவாளியாகச் சிக்குவது அவளுடைய வறுமை. அவள் பாட்டிக்காவது ஆயாக்கொட்டகை இருந்தது. துரைக்குத் தாயின் உழைப்பு தேவைப்பட்டது, அதனால் பிள்ளைக்கு ஒரு கூரை போட்டான். இன்றைய தொழிற்சாலைக்கும் அதே உழைப்புதான் தேவைப்படுகிறது. ஆசிரியருக்குச் சொல்லும் கடமையைக் கேட்கும் நாம், ராத்திரி ஷிப்டு நடத்தும் முதலாளியிடம் அந்தக் கூரையையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.