சிறைக்குள் பிறந்த சிற்றுருவங்கள்

பல் குத்தும் குச்சிகளை ஒன்றோடொன்று ஒட்டிக் கோபுரமும் பாலமும் கட்டும் பொழுதுபோக்கைக் கண்டு நகைப்பவர் உண்டு. எறியத்தக்க பொருளின்மேல் ஏன் இத்துணை உழைப்பு என்று அவர்கள் வினவுவர். அவ்வினாவுக்கு வரலாறு ஒரு விடை வைத்திருக்கிறது. அதனைக் காண, இங்கிலாந்தில் பீட்டர்பரோ நகரை அடுத்துள்ள நார்மன் கிராஸ் என்னும் இடத்திற்கு நம் எண்ணத்தைச் செலுத்துவோம்.

1793-இல் பிரான்ஸுக்கும் பிரிட்டனுக்கும் போர் மூண்டது. பிரிட்டனிடம் சிறைப்பட்டோர் தொகை பெருகவே, போர்க் கைதிகளுக்கென்று அங்கே ஒரு பெருமுகாம் மரத்தால் விரைந்து எழுப்பப்பட்டது. 1797-இல் அது திறக்கப்பெற்றது. பிரெஞ்சுக்காரரும் டச்சுக்காரருமாக ஆயிரக்கணக்கானோர் அதனுள் அடைபட்டனர். அவர்களுட் பலர் கடலோடிகள். வீடு திரும்பும் நாள் எதுவென அவர்களுள் ஒருவரும் அறியார்.

அவர்களிடம் மிகுந்திருந்தவை இரண்டு: ஒன்று காலம், மற்றொன்று கழிவு. சிலர் சூதாடி, உண்ணும் உணவையும் உடுத்திய உடையையும் இழந்தனர். வேறு சிலரோ உணவில் எஞ்சிய எலும்பைக் கையில் எடுத்தனர். அதனைக் கொதிக்கவைத்து வெளுத்து, மெல்லிய தகடுகளாக அறுத்து, நுண்ணிய ஆணிகளால் பொருத்தினர். பாய்மரமும் பீரங்கியும் அமைந்த போர்க்கப்பல்கள் உள்ளங்கை அளவிலும் உருப்பெற்றன. கைப்பிடியைச் சுழற்றினால் இராட்டை நூற்கும் பெண்ணுருவம் அசைந்தது. கில்லட்டின் என்னும் கொலைப்பொறியும் சிற்றுருவம் பெற்றது. வைக்கோலைப் பிளந்து, சாயமேற்றி, பெட்டிகளின்மேல் ஒட்டிச் சித்திரங்கள் சமைத்தனர்.

முகாம் வாயிலில் கூடிய சந்தையில் மக்கள் இவற்றை விலை கொடுத்து வாங்கினர். கைதியின் கையில் நாலு காசு புரண்டது. ஆயினும், தொப்பிக்கான வைக்கோற்பின்னலை விற்பதற்குத் தடை பிறந்தது. அப்பின்னலை நம்பி வாழ்ந்த உள்ளூர் ஏழைகளின் பிழைப்பு கெடும் என்பது காரணம். பகைவனின் கைத்திறனும் போட்டிக்கு அஞ்சத்தக்கதாக இருந்தது! தடைக்குப் பின்னரும் பின்னல்கள் கள்ளத்தனமாக வெளியேறிக்கொண்டே இருந்தன.

இவ்வளவும் இன்பக் கதையன்று. 1800-1801-இல் பரவிய டைபஸ் காய்ச்சல் ஆயிரத்துக்கு மேற்பட்டோரை மாய்த்தது. 1814-இல் முகாம் மூடப்படுவதற்குள் அங்கே இறந்தோர் ஏறத்தாழ 1,770 பேர். அவர்கள் நினைவாக 1914-இல் ஒரு தூண் நிறுவப்பட்டது. மரக்கட்டடங்கள் மறைந்தன, எலும்புக் கப்பல்களோ பீட்டர்பரோ அருங்காட்சியகத்தில் நிலைத்துள்ளன. செய்தவர் பெயர்தான் பெரும்பாலும் தெரியவில்லை.

மாணவ நண்பர்களே, அக்கைதிகளுக்குச் சிற்றுருவக் கலை வெறும் பொழுதுபோக்கன்று. நாளை என்பது இருளாய் நின்றபோது, இன்று செய்து முடிக்க ஒரு வேலை உண்டு என்னும் உறுதியை அது தந்தது. உள்ளம் உடையாதிருக்க அவ்வுறுதி வேண்டும். ஆதலின், குச்சி அடுக்கும் ஒருவரை இனிக் காணும்போது நகைக்குமுன் சற்றே நின்று நோக்குங்கள்.