கல்மரம் பிறந்த கதை

சாத்தனூர் என்றதும் பலருக்குத் திருவண்ணாமலைப் பக்கத்து அணைதான் நினைவுக்கு வரும். நான் சொல்வது வேறு சாத்தனூர். பெரம்பலூர் மாவட்டம் ஆலத்தூர் வட்டத்தில், வானம் பார்த்த காடுகளுக்கு நடுவே இருக்கும் சிற்றூர். அங்கே 18 மீட்டருக்கும் நீளமான அடிமரம் ஒன்று சாய்ந்து கிடக்கிறது. தூரத்தில் நின்று பார்த்தால் யாரோ வெட்டிப் போட்டு எடுக்க மறந்த மரம். பக்கத்தில் போய்த் தட்டினால் கல்.

அது பிறந்த காலத்துக்குப் போக வேண்டுமென்றால் பத்து கோடி ஆண்டுகளுக்கும் மேல் பின்னால் நடக்க வேண்டும். கிரெட்டேசியஸ் காலம். இன்று நூறு கிலோமீட்டர் வாக்கில் கிழக்கே ஒதுங்கியிருக்கும் கடல், அப்போது நிலத்துக்குள் ஏறி வந்து சாத்தனூருக்குக் கிழக்கே எட்டு, பத்து கிலோமீட்டர் வரை அலையடித்தது. மேற்கே மேட்டு நிலத்தில் ஊசியிலை மரக் காடுகள். பூக்கும் தாவரங்கள் பூமியை இன்னும் பிடித்துக்கொள்ளாத நேரம் அது. வெள்ளத்தில் விழுந்த மரங்களை ஆறுகள் இழுத்து வந்து கடலோரத்தில் தள்ளின. மேலே மணலும் சேறும் மூடின. காற்றுப் படாததால் மரம் மக்கவில்லை. நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா அதன் நுண்ணறைகளுக்குள் ஊறி, மெல்ல மெல்ல மரச்சத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. மரத்தின் உருவம் தங்கியது, உடம்பு கல்லானது. பிறகு கடல் பின்வாங்கியது. மழையும் ஓடையும் மேல்மண்ணை அரித்து மரத்தை வெளியே காட்டின.

இது முதல் பிறப்பு. பார்வைப் பொருளாகப் பிறந்தது மிகச் சமீபத்தில்தான்.

சாத்தனூரும் அடங்கிய அன்றைய திருச்சிச் சீமையின் கற்களில் கடல் உயிர்கள் பதிந்திருப்பதை 1840-களில் வெளியுலகுக்குச் சொன்னவர்கள் கேய், கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள். அவர்கள் பொறுக்கிய சிப்பிகளும் சங்குகளும் கப்பலேறின. எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846-இல் லண்டன் நிலவியல் கழக வெளியீட்டில் அவற்றை விவரித்தார். அடுத்து இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் பிளான்ஃபோர்டு வந்து, 1860 வாக்கில் இந்த மண்ணை அடுக்கடுக்காக அளந்தார். சேகரித்ததெல்லாம் கல்கத்தா போயிற்று. அங்கே உட்கார்ந்து தென்னிந்திய கிரெட்டேசியஸ் உயிர்களைப் பற்றிப் பெரிய பெரிய தொகுதிகளாக எழுதினார் ஸ்டோலிச்கா. மொராவியாவிலிருந்து வந்தவர், 1874-இல் லடாக் பனிமலையில் இறந்துபோனார்.

இவர்கள் புண்ணியத்தில் ஊட்டத்தூர், காரை, கருடமங்கலம், கல்லங்குறிச்சி, அரியலூர் எல்லாம் உலக நிலவியல் நூல்களில் பாறை அடுக்குகளின் பெயராக ஏறிவிட்டன. ஆனால் அந்தந்த ஊர்ப் பிள்ளைகள் தங்கள் காட்டுக் கற்களைக் கண்ணாடிப் பெட்டியில் பார்க்க வேண்டுமென்றால் பட்டணத்துக்குப் போக வேண்டும். மாநகர அருங்காட்சியகங்கள் எல்லா நாட்டிலும் இப்படித்தான் வளர்ந்தன. அதில் கோபப்பட ஒன்றுமில்லை. வருத்தப்பட நிறைய இருக்கிறது.

சாத்தனூர் மரத்தை 1940-இல் பதிவு செய்தவர் எம்.எஸ். கிருஷ்ணன், தஞ்சைச் சீமைக்காரர். பின்னாளில் நிலவியல் ஆய்வுத் துறைக்கு இயக்குநரான முதல் இந்தியர். மரம் பெட்டியில் அடைபடும் அளவில் இல்லாததும் நம் நல்லகாலம்தான் என்று நினைக்கிறேன். கிடந்த இடத்திலேயே வேலி கட்டி, பலகை நட்டு, தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக்கினார்கள். இப்படித்தான் கல்மரப் பூங்கா பிறந்தது.

எல்லாவற்றுக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. அரியலூர்ப் பக்கம் கல்லமேட்டில் ஒரு டைனோசரின் ராட்சத எலும்புகள் கிடைத்தன. யாதகிரியும் அய்யாசாமியும் 1980-களின் கடைசியில் அதற்கு ப்ருஹத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு மட்டுமே இரண்டு மீட்டர். தரையில் நடந்த விலங்குகளிலேயே பெரியது இதுதானோ என்று இன்றும் வாதம் நடக்கிறது. தீர்த்துவைக்க எலும்பு இல்லை. உளுத்துப்போயிருந்த அந்த எலும்புகள், கட்டி எடுத்துப் போவதற்குள் கட்டுக்குள்ளேயே பொடிந்துவிட்டன. படங்களும் அளவுகளும்தான் மிச்சம்.

இன்னொரு பக்கம் சிமென்ட். அரியலூரின் சுண்ணாம்புக்கல் பெரும்பாலும் கடலுயிர்களின் ஓடுதான். கல்லங்குறிச்சிச் சுரங்கங்களில் சிப்பி அடுக்குகளைச் சுவர் சுவராகப் பார்க்கலாம். தோண்டியதால்தான் அவை கண்ணுக்குத் தெரிந்தன, தோண்டியதால்தான் அழிந்தும் போகின்றன. உங்கள் வீட்டு மாடித்தளத்தில் எத்தனை சிப்பி அரைபட்டிருக்கிறதோ, யார் கண்டது!

2020-இல் பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னத்தில் குளத்து மண் எடுத்தபோது உருண்டை உருண்டையாகக் கற்கள் வந்தன. ‘டைனோசர் முட்டை’ என்று செல்போனுக்குச் செல்போன் படம் பறந்தது, கூட்டம் கூடியது. வல்லுநர்கள் வந்து பார்த்து, முட்டையல்ல, கடல் உயிரான அம்மோனைட்டைச் சுற்றி இறுகிய கல் உருண்டை என்றார்கள். ஏமாந்து திரும்பியவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: முட்டையைவிட இது மட்டமில்லை. சுருள் ஓட்டுக்குள் வாழ்ந்த அம்மோனைட் இனம் டைனோசர்களோடு சேர்ந்தே பூமியை விட்டு அழிந்துபோனது.

இப்போது பெரம்பலூர் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் அம்மோனைட்டுகளுக்கென்றே ஒரு காட்சி மையம் இருக்கிறது. அரியலூருக்குப் பக்கத்தில் வாரணவாசியில் அரசின் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. லண்டனுக்குக் கல் போய் நூற்றெழுபது ஆண்டுக்கு மேல் கழித்துத்தான் கிடைத்தவை என்றாலும், கிடைத்தவரை லாபம்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும்போது கொஞ்சம் வழி விலகி வாரணவாசியையும் சாத்தனூரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சாத்தனூருக்குக் காலையிலேயே போய்விடுங்கள், வெயில் சுடும். நினைவுக்கு என்று ஒரு சில்லைக்கூடப் பையில் போடவிடாதீர்கள். ஏரியிலோ சுரங்கத்திலோ விசித்திரமான கல் கிடைத்தால் உடைக்காமல், கிடைத்த இடத்தைக் குறித்துக்கொண்டு வாரணவாசியில் சொல்லுங்கள்.