நெட் வரும், ஒன்று மட்டும் வராது

இணைப்பு அடியோடு அறுந்துபோனால் கண்டுபிடிப்பது எளிது. வயரிலோ மோடத்திலோ காரணம் அகப்பட்டுவிடும். பிரவுசர் நன்றாக ஓடும்போது ஒரே ஒரு மென்பொருள் மட்டும் இணைய மறுப்பதுதான் பெருங்களத்தூர், தாம்பரம், முடிச்சூர்ப் பக்கத்துக் கம்ப்யூட்டர் சர்வீஸ்காரர்களை அலைக்கழிக்கும் புகார். இந்தியப் பொது இணையத்தின் வயதுதான் இதற்கும். வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15 அன்று சேவையைத் தொடங்கியபோது, மாணவர்களுக்கு மலிவாகத் தந்த ‘ஷெல்’ கணக்கில் எழுத்து மட்டுமே வந்தது. மெயில் படிக்கலாம், படம் காட்டும் நெட்ஸ்கேப் ஓடாது. கட்டிய காசுக்கு அவ்வளவுதான்.

சட்டமே குறுக்கே நின்ற காலமும் உண்டு. கம்ப்யூட்டர் வழியே வெளிநாட்டுக்குப் பேசும் மென்பொருள்கள் தொண்ணூறுகளிலேயே வந்துவிட்டன. இந்தியாவிலோ இணையத் தொலைபேசிக்கு 2002 ஏப்ரல் 1 அன்றுதான் அனுமதி கிடைத்தது. அதுவரை சவுண்ட் கார்டை எத்தனை முறை கழற்றி மாட்டினாலும் தடுக்கப்பட்ட சேவை கிடைத்திருக்காது.

அடுத்து வந்தது விண்டோஸ் எக்ஸ்.பி. காலம். 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் புழு உலகெங்கும் பரவ, மறு ஆண்டு வந்த சர்வீஸ் பேக் 2 ஃபயர்வாலைத் தானாகவே இயக்கி வைத்தது. பிரவுசருக்கு அதனால் தொல்லை இல்லை. வெளியிலிருந்து வரும் இணைப்புக்குக் காத்திருக்கும் விளையாட்டுகளும் கோப்புப் பகிர்வும்தான் முடங்கின. அதைவிடக் குழப்பமானது, விண்டோஸில் மென்பொருள்களை நெட்டோடு இணைக்கும் வின்சாக்கில் வரும் கோளாறு. ஸ்பைவேர் வின்சாக் சங்கிலியில் தன்னையும் ஒரு கண்ணியாகச் செருகிக்கொள்ளும். அதை அழித்தால் சங்கிலி அறுந்து, ‘பிங்’ போகும், பக்கம் திறக்காது. “ஃபார்மட் போட்டுடலாம் சார்” என்ற வைத்தியம் நிலைபெற்றதில் இதற்குப் பெரிய பங்கு இருக்க வேண்டும். சர்வீஸ் பேக் 2 வந்தபின் ‘நெட்ஷ் வின்சாக் ரீசெட்’ என ஒரு வரி அடித்து ரீஸ்டார்ட் செய்தாலே பெரும்பாலும் போதும். பழக்கம் என்னவோ சுலபத்தில் மாறவில்லை.

பி.எஸ்.என்.எல். 2005 ஜனவரியில் டேட்டாஒன் பிராட்பேண்டைக் கொண்டுவந்தது. நொடிக்கு 256 கிலோபிட் என்பதே அன்றைய அரசு வரையறைப்படி பிராட்பேண்ட். மோடத்தில் யூசர்நேம், பாஸ்வேர்டு கேட்கும் பி.பி.பி.ஓ.இ. முறை, ஒவ்வொரு பாக்கெட்டிலும் 8 பைட்டைத் தனக்கென எடுத்துக்கொள்ளும். ஈதர்நெட்டின் 1500 பைட் அளவு 1492 ஆகச் சுருங்கும். அதைவிடப் பெரிய பாக்கெட் வந்தால், வழியிலுள்ள ரூட்டர் ‘சிறிதாக்கி அனுப்பு’ என்று திருப்பிச் சொல்ல வேண்டும். வழியில் ஏதாவது ஒரு ஃபயர்வால் அந்தச் செய்தியை விழுங்கிவிட்டால் அனுப்பியவருக்கு விவரமே தெரியாது. தேடல் பக்கம் திறக்கும்; அட்டாச்மெண்ட் பாதியில் நிற்கும்; நெட் பேங்கிங் லாகினுக்குப் பிறகு வெள்ளைத் திரை. பாக்கெட்டை உடைக்காமல் அனுப்பும்படி சொல்லி, 1472 பைட் ‘பிங்’ தோற்று 1464 தேறினால் காரணம் இதுதான் (தலைப்புகளுக்கு 28 பைட் போக மிச்சக் கணக்கு). பாக்கெட்டின் உச்ச அளவான எம்.டி.யூ.வை 1492 ஆக்கினால் சரியாகிவிடும். இரண்டு நிமிட வேலை, தெரிந்தவருக்கு.

2011 ஏப்ரலில் ஆசிய-பசிபிக் பகுதிக்கான ஐ.பி.வி.4 முகவரிகளின் பொதுக் கையிருப்பு தீர்ந்தது. இணையச் சேவை நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டன. அடுக்குமாடிக்கு ஒரே கதவு எண்ணை வைத்துவிட்டு ஃபிளாட் எண்களை மறைத்துவிட்டது மாதிரி: உள்ளிருப்பவர் வெளியே போகலாம்; வெளியாள் தேடி வர முடியாது. வீட்டு சி.சி.டி.வி.யை வெளியூரிலிருந்து நேரடியாகப் பார்க்கும் ஆப் தோற்பது இங்கேதான். ரூட்டரின் வெளிப்பக்க (WAN) முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான வரிசையில் தொடங்கினால், வெளி இணைப்பை உள்ளே திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங் வீண். காசு கட்டி ஸ்டேட்டிக் ஐ.பி. வாங்க வேண்டும், அல்லது நடுவில் ஒரு சர்வர் வைத்திருக்கும் கேமராச் சேவைக்கு மாற வேண்டும்.

2020 மார்ச் ஊரடங்கு இந்தப் புகாரை வீட்டுக்கு வீடு கொண்டுவந்தது. ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் கார் தொழிற்சாலை இருந்த நிலத்தில் ஐ.டி. வளாகம் எழுந்த ஊர் பெருங்களத்தூர்; வளாகத்து லேப்டாப்புகள் வீட்டுக்கு வந்தன. யூடியூப் ஓடும், ஆபீஸ் வி.பி.என். மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். வி.பி.என். தன் பங்குக்கும் தலைப்பு சேர்ப்பதால் பழைய 1492 கணக்கு திரும்ப வந்தது. சில வகை வி.பி.என்.களுக்கு முகவரிப் பங்கீடும் ஒத்துவராது. அதே லேப்டாப்பை மொபைல் ஹாட்ஸ்பாட்டில் போட்டுப் பார்ப்பதே முதல் சோதனை. அங்கே வேலை செய்தால் வீட்டு ரூட்டரையும் லைனையும் பார்க்க வேண்டும். அங்கேயும் தோற்றால் முதலில் லேப்டாப்பின் தேதி, நேரம், ஃபயர்வால். அவையும் சரியென்றால் ஆபீஸ் ஐ.டி. பிரிவுக்குப் போன் போட வேண்டியதுதான்.